மேஸ்திரியின் நெஞ்சுச் சூடு

என் வீட்டுக்காரரின் வலது உள்ளங்கையை நம்பித்தான் அந்தக் காலத்தில் ஒரு மலைச்சரிவே ஏலக்காய் காய வைத்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அவர் ஸ்டோர் மேஸ்திரி. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு எரித்து, தகரக் குழாய் வழியாக வரும் அனலில் காய வைக்கிற கட்டடம். சூடு கூடினால் காய் வெளுத்துப்போகும், குறைந்தால் புழுங்கிப்போகும். முதலாளி வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டர் ஓர் ஆணியில் தொங்கும். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கதவில் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார். "இன்னும் ரெண்டு கட்டை போடு" என்பார், இல்லையென்றால் "சன்னலைத் தொறந்து ஆவிய விடு" என்பார். பக்கத்து எஸ்டேட்காரர்கள் ஜீப் அனுப்பி அந்தக் கையை வரவழைப்பார்கள். கை போகும்போது கூடவே இவரும் போவார்.

கல்யாணமான புதிதில் எனக்கும் அதில் பெருமைதான். மற்றவள் புருஷனுக்குத் தோட்டம் இருக்கும், மாடு இருக்கும், என் புருஷனுக்குக் கை இருந்தது. அந்தக் கையை நம்பி என் பிள்ளையையே பறிகொடுக்கப் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தலைப்பிரசவத்துக்காக நான் மலையிலிருந்து இறங்கிச் சிலமலையில் என் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது என் தம்பி ஒருவன். போடியிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினான். அடுத்த வீட்டில் பெரியம்மா. சமைத்துப் போடுவதும் திட்டுவதும் அவள் பொறுப்பு, இரண்டிலும் குறை வைக்கமாட்டாள்.

மாட்டுப்பொங்கலன்று, ஊரே மாட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு வலி வந்தது. நாள் கணக்குப்படி அது எட்டாம் மாதம். ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதனால் பெரியம்மா ஜீப்பில் ஏறியதிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். சிலமலையில் எட்டாக இருந்த மாதம் போடி ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஏழாகிவிட்டது. "ஏழுதான். எவளாச்சும் எட்டுன்னு சொன்னா நாக்க இழுத்து வச்சு அறுத்துப்புடுவேன்" என்றாள். சொல்லவந்த ஒரே ஆள் நான்தான், நானோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பெண் பிள்ளை. எடை ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேல் ஒரு கைப்பிடியும். அழுகை என்று பேர், பூனைக்குட்டி முனகியது. தோல் மெல்லிசாக, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. எனக்குப் பயத்தில் தூக்கவே கை வரவில்லை.

அங்கே இருந்த நர்சம்மா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும். "மதுரைக்குக் கொண்டுபோனா சூடு குடுக்கிற கண்ணாடிப் பெட்டி உண்டு. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள குஞ்ஞு தணுத்துச் சில்லிட்டுப்போகும், கேட்டோ. பெட்டி வேண்டா மோளே. உன் நெஞ்சு போதும்" என்றார். என் ரவிக்கையை அவரே அவிழ்த்தார். பிள்ளைக்கு ஒரு குல்லாயும் அரைத்துணியும் மட்டும் விட்டு, என் மார்புக்கு நடுவில் தவளைபோல் நிமிர்த்தி ஒட்டவைத்து, மேலே ஒரு வேட்டித் துண்டால் இருவரையும் சேர்த்துக் கட்டினார். எங்கேயோ வெளிநாட்டில் பெட்டி இல்லாத ஊரில் இப்படித்தான் பிள்ளைகளைப் பிழைக்கவைக்கிறார்களாம், பெரிய டாக்டர் படித்துச் சொன்னாராம். பத்து நாளில் பிள்ளை பால் குடிக்கத் தேறியது. "வீட்டுலயும் இதே மாதிரி வைக்கணும். நெருப்புச் சட்டி வைக்கக் கூடாது, வெந்நீர் பாட்டில் வைக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டி, காய்ச்சல் அனலாக வந்தது. பெரியம்மா பிள்ளையை என் நெஞ்சிலிருந்து பிரித்து எடுத்துவிட்டாள். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளுமாம். தம்பி மேலே தகவல் சொல்ல, என் வீட்டுக்காரர் கடைசிப் பறிப்புக் காயை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"சூடு விசயந்தான? இதுக்கு எதுக்கு நெஞ்சு? எங்கிட்ட விடு."

விட்டோம். அந்த மனிதரிடம் சூட்டை விடாமல் வேறு யாரிடம் விடுவது?

பக்கத்து அறையைக் காலிசெய்தார். ஏலக்காய் அள்ளுகிற கூடையில் எஸ்டேட் கம்பளியை நாலு மடிப்பாக விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார். சன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்தார். நெருப்புச் சட்டி கூடாது என்று நர்சம்மா சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அது தெரியாதவன் வைக்கிறதுக்குச் சொன்னது" என்றார். புகையடங்கிய கங்காகப் பார்த்து ஒரு சட்டியில் கொண்டுவந்து மூலையில் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அறை கதகதவென்றுதான் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஸ்டோரில் காய் முதலில் வேர்க்கும், அந்த ஆவி வெளியே போகாவிட்டால் காய் கெட்டுவிடும், அதனால் பொழுதுக்கு நாலு தடவை சன்னலைத் திறந்துவிட வேண்டும். இவர் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். "வேர்க்குது. ஆவி கட்டுது" என்று சொல்லி இரண்டு சன்னலையும் விரியத் திறந்தார். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்றைக்கு அது தரைவரைக்கும் போகவில்லை, வழியில் என் பிள்ளையிடமே நின்றுவிட்டது.

பிறகு கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளையின் முழு உடம்பையும் அந்த ஒரு உள்ளங்கை மூடும். கண்ணை மூடிக்கொள்வார். "பதம் சரியா இருக்கு."

பால் கொடுக்கக் கொண்டுவந்தபோது நான் பாதத்தைத் தொட்டேன். "ஏங்க, ஐஸு மாதிரி இருக்குங்க."

"ஒனக்குக் காய்ச்சல் புள்ள. காய்ச்சக்காரிக்கு எதத் தொட்டாலும் குளுந்துதான் இருக்கும்."

இதில் என்ன எரிச்சல் என்றால், அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். ஸ்டியரிங் பிடித்து மரத்த கையோடு அவன் அப்போதுதான் ஜீப்பை விட்டு இறங்கியிருந்தான். பாதத்தைத் தொட்டான், வயிற்றைத் தொட்டான், தன் கன்னத்தையும் தொட்டான். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுதுக்கா" என்றான். பெரியம்மா கஞ்சி வடித்த கையோடு வந்து தொட்டுவிட்டு "கொதிக்குதுடி" என்றாள், அவளுக்குக் கொதித்தது அவள் கை. வீட்டில் நாலு ஜோடிக் கை. ஒன்றுக்கும் துப்பில்லை. அதில் பேர்பெற்ற கை எதுவோ அதன் பேச்சே எடுபட்டது.

இரண்டு நாள் இப்படிப் போனது. பிள்ளை பால் குடிப்பது குறைந்தது. வாயில் வைத்தால் இரண்டு சப்பு, பிறகு தூக்கம். "அழுகையே இல்ல பாரு. சொகமாத் தூங்குது" என்று அவர் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். குளிரில் அழவும் தெம்பில்லாமல் கிடக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குள் வந்து பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள். நர்சம்மா ஊசிப் பெட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். கூடையைப் பார்த்தார், கங்குச் சட்டியைப் பார்த்தார், திறந்த சன்னலைப் பார்த்தார். புறங்கையால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆரா சன்னல் தொறந்தது?"

"நாந்தான்" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார், பரிசு கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி. "ஆவி போகணும்ல?"

"இது என்ன, ஏலக்காயா?"

"இல்ல நர்சம்மா, கை வச்சுப் பாத்தேன். பதம் சரியா இருக்கு. எங்கையப் பத்தி நீங்க மலையில கேட்டுப் பாருங்க."

நர்சம்மா கேட்கவில்லை. இவர் கையைப் பிடித்துத் திருப்பினார். வருஷக்கணக்காகச் சுடச்சுடக் காயை அள்ளித் தேய்த்துக் காம்பு எடுத்த கை, தகரக் குழாயைத் தொட்டுத்தொட்டுப் பார்த்த கை. உள்ளங்கை முழுக்கக் காப்புக் காய்த்து, பழுப்பேறி, மினுமினுவென்று இருந்தது. தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி அதில் ஒரு குத்துக் குத்தினார்.

"தெரியுதோ?"

"என்ன தெரியுதா?" என்றார் இவர்.

"இது கை இல்ல சேட்டா. செருப்பு" என்றார் நர்சம்மா. "சட்டையக் கழட்டு."

ஒரு மலைச்சரிவின் நம்பிக்கை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஓர் ஊக்கு முனையில் போய்விட்டது. சிரிக்க எனக்கு ஆசைதான், ஆனால் பிள்ளையின் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் சட்டையைக் கழற்றினார். நர்சம்மா சன்னலைச் சாத்தி, பிள்ளையைத் துணி விலக்கி, அவர் நெஞ்சில் ஒட்டவைத்தார். "ஆத்தே!" என்று இவர் ஒரு துள்ளுத் துள்ளினார். அப்புறம் அசையவில்லை. நெஞ்சில் காப்புக் காய்ப்பதில்லை அல்லவா, அதற்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"புள்ள... சில்லுனு இருக்குடி" என்றார் என்னிடம், புதுச் செய்தி சொல்வதுபோல.

இரண்டு நாளைக்கு முன்பே நான் சொன்ன செய்தி அது. காய்ச்சலில் எனக்கு ஒரு வாக்கியத்துக்குத்தான் தெம்பிருந்தது. "நான் சொன்னப்ப காது எங்க போச்சு?"

அவர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். "ஊரான் காய்க்கெல்லாம் பதம் பாத்தேன். எம்புள்ளைக்குப் பாக்கத் தெரியலயே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்குக் கோபம் அப்போது போகவில்லை. மெதுவாகத்தான் போனது, முழுக்கப் போனதா என்று இன்றும் சொல்லமாட்டேன்.

நர்சம்மா ஊசி போடுகிற வேலையை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். பிள்ளை தலையை அசைத்தாள். வாயைத் திறந்து அவர் நெஞ்சு முடிக்குள் பால் தேடினாள். இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். அங்கே ஒன்றும் கிடையாது என்று தெரிந்ததும் போட்டாளே ஒரு சத்தம், அதுதான் இரண்டு நாளில் நாங்கள் கேட்ட முதல் அழுகை. பெரியம்மா அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். நான் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

"இனிமே அவ நெஞ்ச விட்டு எறங்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு நர்சம்மா போனார். "குளிக்க, வெளிய போக மட்டும் ஆள் மாத்திக்கோ. இவளுக்குக் காய்ச்சல் விட்டா இவளும் வைக்கலாம், பயப்பட வேண்டா."

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் மலை ஏறவில்லை. எஸ்டேட்டிலிருந்து ஜீப் வந்தது. "கை வேணும்னா வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு. நெஞ்சு இங்க வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் பழைய நூல் சேலையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பிள்ளையை உள்ளே வைத்து, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிறைமாதக் கர்ப்பிணி போல வாசலில் உலாத்துவார். "ஆம்பள மாருல புள்ளயா? தீட்டுக் கழிஞ்சும் கழியாம என்ன கூத்துடி இது" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படி அடித்துக்கொண்டே அவருக்கும் சேர்த்துப் பூண்டுக் குழம்பு வைத்தாள். பிள்ளை சுமக்கிறவர் யாராக இருந்தாலும் பத்தியம் பத்தியம்தானாம்.

தெருக்காரர்கள் விடுவார்களா? "என்ன மேஸ்திரி, எத்தன மாசம்?" என்பார்கள்.

"எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது" என்பார், சிரிக்காமல். கணக்குப்படி அது சரியும்கூட.

தம்பிக்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. "தாய்மாமன் நான் இருக்கேன் மச்சான். நாளைக்கு எம்மடியில வச்சுத்தான காது குத்தணும்? இப்பமே பழகட்டும்" என்று முறை கேட்டான். சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு வந்ததும் குளித்து, சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்பான். முதல் நாள் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து, பிள்ளை கீழே வழுகி அவன் வயிற்றுக்கு வந்துவிட்டாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு மலைப்பாதையை ஓட்டுவான். இடது கால் கிளட்சை மிதிக்கும், உடம்பு வளைவுக்கு வளைவு சாயும். "இந்தா கொண்டை ஊசி வருது தாயி, புடிச்சுக்க" என்பான். அவள் அவனிடம்தான் நன்றாகத் தூங்கினாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன்? காய்ச்சல் விட்ட பிறகும் என் பிள்ளையை நான் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பால் கொடுத்து முடித்ததும் இரண்டு ஆம்பிளைகள் சட்டையில்லாமல் எதிரில் வந்து நிற்பார்கள். "போங்கடா, பெத்தவ நான்" என்று ஒருநாள் கத்தினேன். புருஷனையும் சேர்த்து "டா" போட்டுவிட்டதை அவர்கள் கவனிக்கவே இல்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாரம் ஒருமுறை எடை பார்க்கப் போடிக்குப் போகவேண்டும். ஜீப் மலையில் இருக்கிற நாளில் பஸ்தான். மாசியில் ஒருநாள் இவர் பிள்ளையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். நான் பின்சீட்டில். அவர் பக்கத்தில் போடியில் காய் வாங்கி விற்கிற தரகர் ஒருவர். புடைத்த சட்டையை அவர் கண் அளந்தது. எஸ்டேட்டிலிருந்து இப்படி மடியில் கட்டிக் காய் கடத்துகிறவர்கள் உண்டு. போதாததற்கு என் வீட்டுக்காரர் மேல் எத்தனை குளித்தாலும் ஏலக்காய் வாசம் போகாது. தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு நெருங்கினார்.

"மேஸ்திரி, உள்ள எம்புட்டு இருக்கும்?"

"ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் இவர். பிள்ளையைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்கிற பழக்கம்.

"காஞ்சதா?"

"எங்க காயுது? இப்பத்தான் நனைச்சுச்சு."

"பரவாயில்ல, நான் காய வச்சுக்கிறேன். வேற யாருக்கும் குடுத்துராத."

இவர் அவரை விழித்துப் பார்த்தார். "எதுக்கு ஒனக்குக் குடுக்கணும்?" என்று எழுந்தே விட்டார். அந்த நேரம் பார்த்துச் சட்டை தும்மியது. தரகர் "முருகா!" என்று காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ் சிரித்தது. நான் அந்த மனிதரைத் தெரியாதவள்போல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு எடை இரண்டைத் தொட்டிருந்தது.

பங்குனி பிறந்து சில நாள் இருக்கும், அன்றைக்குத் தம்பியும் வீட்டில் இருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து இவர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். திடீரென்று அவள் உடம்பை வில்லாக வளைத்தாள். முகம் சிவந்துவிட்டது. இரண்டு காலாலும் அவர் வயிற்றில் உதைத்தாள், கைகளைச் சேலைக்கு வெளியே இழுத்தாள், வீறிட்டாள். இவர் தட்டிக்கொடுத்தார், எழுந்து நடந்தார், என்னென்னமோ சத்தம் எழுப்பினார். கட்டை இறுக்கினால் இன்னும் உதைத்தாள்.

"ஜன்னி! மாப்ளே, வெரசா ஜீப்ப எடு!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

அன்றைக்கு ஜீப் போன வேகத்துக்கு நாங்கள் நாலு பேரும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததே பெரிது. வழியெல்லாம் இவர் வேண்டாத தெய்வமில்லை. நான் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்போது போய்விடுவாளோ என்று ஒரே நினைப்பு. நர்சம்மா ஓடிவந்து வாங்கி மேசையில் கிடத்தினார். கிடத்திய மறுநொடி அவள் அழுகையை நிறுத்தினாள். கையையும் காலையும் காற்றில் நாலு பக்கமும் வீசினாள், இடம் கிடைத்த சந்தோஷத்தில். நர்சம்மா பாதத்தைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். தராசில் போட்டார், இரண்டரையைத் தாண்டி முள் நின்றது. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஜன்னியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவளுக்கு மதியாயி, போதும்னு ஆயிடுச்சு. இனி உன் சூடு வேண்டா, அவளே உண்டாக்கிக்கிறா. எல்லாக் குஞ்ஞும் ஒருநாள் இப்படித்தான் சவிட்டி ஒதைச்சு வெளிய வரும்."

இவருக்குப் புரியவில்லை. "எம்மேல என்ன கோவம் அதுக்கு?"

"கோவம் இல்ல சேட்டா. பொழைச்சாச்சு."

பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டும், முருகனுக்கு முடி இறக்க வேண்டும், என்னென்னவோ பேசிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். பிள்ளை என் மடியில் ஒரு வெறும் துண்டில் கிடந்தாள், கை கால் வெளியே. பங்குனி வெயிலில் ஜீப்பின் தகரம் தொட்டால் கை பொத்துவிடும்போல் சுட்டது. இவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஊன்றுகிற பழக்கத்தில் ஒரு கை போனது, ஊன்றுவதற்குக் காரணம் இல்லாமல் திரும்பி வந்தது. வெறும் சேலைக் கட்டை அவிழ்த்து மடித்துப் பக்கத்தில் வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்திருந்தது, அவரைப் பார்க்கத்தான் முடியவில்லை. திறந்து கிடந்த சட்டையின் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டார், கழுத்துப் பித்தான் வரைக்கும்.

தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டான். "எதுக்கு மச்சான் இந்த வேக்காட்டுல?"

"குளுருது மாப்ளே" என்றார்.